மேலே போட்ட கணக்கு கீழே வரவில்லையா? சிங்க் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வீடு கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ இருக்கும். ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு மேலே கேரளப் பக்கம் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ சாந்தன்பாறையிலோ இருக்கும். ஜீப்பில் ஏறிப் போகிற ஆட்களின் வருகை, எடுத்த பச்சைக்காயின் எடை, காயை உலர்த்தும் கூடமான ஸ்டோரில் உலர்ந்து வந்த காய், கொடுத்த முன்பணம் எல்லாம் முன்பு ஒரே நோட்டில் இருந்தன. இப்போது கணக்குப்பிள்ளையின் போன், ஸ்டோரில் இருக்கும் டேப்லெட், வீட்டுக் கம்ப்யூட்டர் என மூன்று இடத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே கணக்கைக் காட்ட வேண்டும், அப்படிக் காட்டவைக்கிற வேலைக்குத்தான் சிங்க் என்று பெயர். காட்டாமல் போனால் வாரச் சம்பளத்தில் யாரோ ஒரு அக்காவுக்கு ஒரு நாள் கூலி விட்டுப்போகிறது. அதனால் இதைப் பொறுமையாகப் பார்த்துச் சரிசெய்வது அவசியம்.

எதையும் தொடுவதற்கு முன்

சிங்க் ஆகவில்லை என்றதும் ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொல்கிறவர்கள் நிறைய. தயவுசெய்து முதலில் அதைச் செய்யாதீர்கள். இணையத்துக்கு ஏறாமல் நிற்கிற பதிவுகள் அந்த ஒரு போனுக்குள் மட்டும்தான் இருக்கின்றன. ஆப்பை அழித்தால் அவையும் சேர்ந்து அழியும். செட்டிங்ஸில் 'டேட்டாவை அழி' என்று வருவதும் அதே ஆபத்துதான். 'கேஷை அழி' என்பது வேறு, அது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்ததை மட்டும் துடைக்கும், அதில் பயம் இல்லை. இரண்டும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் கை மாறிப் போகும். லாக் அவுட் செய்வதும் சில ஆப்களில் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடும்.

எந்தக் கருவியில் சரியான கணக்கு தெரிகிறதோ அதை எடுத்து, தேவையான பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே பதிவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது என்றால், இன்னும் நன்றாக இருக்கிற கருவியை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழிந்துபோன நிலைமை அதற்கும் வந்து சேர்வதற்குள் தேவையானதை வெளியே எடுத்துவிடலாம்.

முதல் கேள்வி: ஏறவில்லையா, இறங்கவில்லையா?

கணக்குப்பிள்ளையின் போனிலிருந்து பதிவு முதலில் சர்வருக்கு, அதாவது இணையத்தில் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு ஏறுகிறது. அங்கிருந்து உங்கள் போனுக்கு இறங்குகிறது. இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே வழியில் எங்கே நின்றது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அதைப் பார்க்க நல்ல வழி பிரவுசர்தான். ஒரு கம்ப்யூட்டரில் அதே கூகுள் கணக்கில் உள்ளே போய், கூகுள் ஷீட்டையோ கூகுள் கீப் குறிப்புகளையோ கான்டாக்ட்ஸையோ இணையப் பக்கத்தில் திறந்து பாருங்கள். பதிவு அங்கே இருந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். மலையில் இருக்கிறவரைத் திட்டிப் பயனில்லை, கோளாறு உங்கள் போனில். பிரவுசரிலும் இல்லை என்றால் இன்னும் ஏறவே இல்லை, மலையில் இருக்கிற போனைத்தான் பார்க்க வேண்டும். "அண்ணே, நேத்தே போட்டுட்டேன், நல்லாப் பாருங்க" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. அவர் திரையில் அது இருக்கவே செய்கிறது.

அறிகுறி: கீழே இருக்கும்போது சரியாக வருகிறது, மலை ஏறியதும் நின்றுபோகிறது

நம் பக்கத்துக்கே உரிய கோளாறு இது. தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளா இன்னொரு வட்டம். கம்பத்தில் வாங்கிய சிம் குமுளியோ கம்பம்மெட்டோ தாண்டி அந்தப் பக்கத்து டவரைப் பிடித்ததும், போனைப் பொறுத்தவரை அது ரோமிங், அதாவது சொந்த வட்டத்துக்கு வெளியே இருப்பது. சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து வருவது அதனால்தான். சில சிம்மில் எழுத்து தெரியாது, ஆனாலும் கணக்கு அதுதான். உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் காசு பிடித்த காலத்தில் பலர் டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, புதுப் போன் வாங்கினாலும் முதல் வேலையாக அணைத்துவிடுகிறார்கள்.

மலையில் இருக்கும்போது அந்தப் போனில் ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கமே வரவில்லை என்றால் சிம் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும். இரண்டு சிம் போட்ட போனில் ஒவ்வொரு சிம்முக்கும் அது தனித்தனியாக இருக்கும். டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறதோ அதில் பாருங்கள்.

பக்கம் வருகிறது, ஆப் மட்டும் அசையவில்லை என்றால் அந்த ஆப்புக்கே ரோமிங்குக்கென்று தனி விதி இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் பகுதிக்குள் ரோமிங்கில் இருக்கும்போது ஏற்றலாமா என்று கேட்கிற பொத்தான் உண்டு. அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். வாட்ஸ்அப்பில் ரோமிங்கில் படம், வீடியோ தானாக இறங்குவதற்குத் தனி வரி இருக்கிறது. கூகுள் டிரைவில் வைஃபை இருந்தால் மட்டும் கோப்புகளை அனுப்பு என்ற பொத்தானைப் பாருங்கள். கணக்கு எழுதும் ஆப்களிலும் இதுபோல ஒன்று ஏதாவது மூலையில் இருக்கும். எடை போட்ட சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் ஒருமுறை சரிபார்த்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

சரியாக எல்லையில் இருக்கிற இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. போன் இந்தப் பக்கத்து டவருக்கும் அந்தப் பக்கத்து டவருக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு ஒரு கணம் அறும். சின்னப் பதிவுகள் தப்பித்துவிடும், பெரிய படங்கள் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஏறும். அங்கே பேட்டரிதான் கரையும். ஸ்டோரில் வைஃபை இருந்தால் படங்களை அங்கே வந்து ஏற்றிக்கொள்வது நல்லது. எழுத்தையும் எண்ணையும் மட்டும் வழியில் அனுப்பினால் போதும்.

அறிகுறி: ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது, தானாக வருவதில்லை

இது பேட்டரி மிச்சம் பிடிக்கிற வேலை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்தே, அசையாமல் கிடக்கிற போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் வழக்கம் இருக்கிறது. அதற்கு மேல் ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்றவை தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாக இருக்கின்றன. அந்த ஆப்பின் விவரப் பக்கத்துக்குப் போய், பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அனுமதியுங்கள். டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் இந்த ஆப்புக்கு விதிவிலக்கு கொடுங்கள். சமீபத்திய ஆப்களை மொத்தமாக மேலே தள்ளி மூடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். சில போன்களில் அப்படித் தள்ளினால் ஆப் முழுதாக நின்றுவிடும். ஐபோனில் லோ பவர் மோட் மஞ்சளாக எரிந்தால் அதே கதைதான்.

மலையில் சார்ஜ் போட வசதி குறைவு, பேட்டரி சேவரை எப்போதும் ஆனில் வைக்கிறார்கள். அது நியாயம்தான். அப்படியானால் வேலை முடிந்து ஜீப் ஏறும் முன் ஆப்பைத் திறந்து, ஏறி முடிகிற வரை திரையை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒரு போனில் இருக்கிறது, இன்னொன்றில் ஒருபோதும் வந்ததே இல்லை

எப்போதோ வந்துகொண்டிருந்து நின்றதா, ஆரம்பத்திலிருந்தே வந்ததில்லையா என்று கேளுங்கள். வந்ததே இல்லை என்றால் பெரும்பாலும் கூகுள் கணக்கு மாறியிருக்கும். போன் வாங்கிய அன்று மகனோ மருமகளோ தங்கள் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும், நடுவில் ஒரு புள்ளியோ கடைசியில் ஓர் எண்ணோ மாறியிருக்கும். ஜிமெயிலில் புள்ளி வித்தியாசம் செய்யாது, எண் செய்யும். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

முகவரி ஒன்றுதான் என்றால், செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் அந்தக் கூகுள் கணக்கைத் தட்டுங்கள். கான்டாக்ட்ஸ், காலண்டர், கீப் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் கடைசியாக சிங்க் ஆன தேதியும் நேரமும் இருக்கும். எது போன மாதத்தோடு நிற்கிறதோ அதுதான் ஆள்.

தொலைபேசி எண்கள் மட்டும் வரவில்லை என்றால் அவை சிம்மிலோ போன் மெமரியிலோ பதிவாகியிருக்கும். அங்கே இருப்பது எங்கும் சிங்க் ஆகாது. கான்டாக்ட்ஸ் ஆப்பில் சிம்மிலிருந்து இம்போர்ட் செய்து, கூகுள் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். இனிமேல் புது எண்கள் எங்கே பதிய வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

இதில் எல்லைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டோரில் இருக்கிறவர் மலையாளத்தில் பதிகிறார், நீங்கள் தமிழில் பதிகிறீர்கள், பையன் ஆங்கிலத்தில் பதிகிறான். செல்வி என்று தமிழில் தேடினால் மலையாளத்தில் பதிந்த செல்வி கண்ணில் படமாட்டார். எண் வரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை பதிவீர்கள். வருகைப் பதிவிலும் இதே கோளாறு வந்து, ஒரே ஆள் இரண்டு பேராகி, ஆறு நாள் கூலி நாலும் இரண்டுமாகப் பிரிந்துவிடும். இதற்கு சிங்கில் மருந்து இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாக் கருவியிலும் அந்த எண்ணை வைத்தே பதியுங்கள். பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் கூட்டல் தப்பாது.

அறிகுறி: ஒரே நாள் இரண்டு முறை இருக்கிறது, அல்லது போட்ட எண் மாறிப் போயிருக்கிறது

இதுதான் உண்மையிலேயே ஆபத்தான கோளாறு. மற்றவற்றில் கணக்கு வரவில்லை என்று தெரியும். இதில் கணக்கு வந்திருக்கும், ஆனால் தப்பாக வந்திருக்கும்.

நடப்பது இப்படி: காலையில் கணக்குப்பிள்ளை சிக்னல் இல்லாத இடத்தில் 42 கிலோ என்று போடுகிறார். அது போனுக்குள்ளேயே நிற்கிறது. மதியம் ஸ்டோரில் திரும்ப எடை போட்டு, வீட்டிலிருந்து நீங்கள் அதே கட்டத்தில் 45 என்று போடுகிறீர்கள். சாயங்காலம் ஜீப் இறங்கும்போது சிக்னல் வந்து, காலையில் போட்ட 42 இப்போது ஏறுகிறது. பல ஆப்களில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் நிற்கும். சரியான 45 போய், பழைய 42 உட்கார்ந்துகொள்ளும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் மூன்று கிலோ காணோம்.

கூகுள் ஷீட் என்றால் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து திருத்த வரலாற்றைப் பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரும். முழு ஷீட்டுக்கும் பதிப்பு வரலாறு இருக்கிறது, பழைய நிலைக்குத் திரும்பலாம். டிராப்பாக்ஸில் எக்செல் கோப்பு வைத்திருந்தால் அது வேறு மாதிரி செய்யும். இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் முரண்பட்ட நகல் என்று சேர்த்துவிடும். தேவையில்லாத கோப்பு என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பாதி நாளின் கணக்கு அதில்தான் இருக்கலாம்.

இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு நல்ல கைப்பிடி இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் நிற்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு சுற்று காயெடுப்பின் மொத்தத்தில் அது எட்டுக்கு ஒன்று என்று வந்தால், ஸ்டோரில் திருட்டு என்று சந்தேகப்படும் முன் பச்சைக்காய் எடை எந்த நாளாவது இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கு ஒன்று என்று வந்தால் ஒரு நாள் எடை விட்டுப்போயிருக்கும். புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குக் காய் அனுப்பும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இது திரும்ப வராமல் இருக்க, ஒரே கட்டத்தை இரண்டு பேர் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து எடைக்கு ஒரு தாள், ஸ்டோர் எடைக்கு வேறு தாள். திருத்தம் இருந்தால் பழையதை மாற்றாமல் கீழே புது வரியாகச் சேர்ப்பது இன்னும் நல்லது. அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய எக்செல் கோப்பு சிங்க் ஆகாது. அனுப்பிய கணமே அது தனி நகல். அதில் அவர் எழுதுவார், உங்களிடம் இருப்பதில் நீங்கள் எழுதுவீர்கள், இரண்டும் ஒருநாளும் சேராது. கோப்பை அனுப்பாமல் ஷீட்டின் இணைப்பை அனுப்புங்கள். மலைக்குப் போகிற போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் இல்லாத இடத்தில் அது திறக்காமல், அவர் வேறெங்காவது எழுதிவைப்பார்.

அறிகுறி: எல்லாம் வந்திருக்கிறது, சில தேதிகள் மட்டும் காணோம்

ஆகஸ்ட் மாதத்தைப் புரட்டிப் பார்த்தால் முதல் பன்னிரண்டு நாளில் எட்டாம் தேதி தவிர மற்றவை இல்லை என்று வந்தால் அது சிங்க் கோளாறே இல்லை. ஷீட் அமெரிக்க வழக்கத்தில் இருக்கிறது. 05/08 என்று போட்டதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 13/08 என்பதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கம்ப்யூட்டரில் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸுக்குப் போய் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே வேறு மாதம் ஆகிப்போன நாட்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்கிறது, அல்லது உள்ளேயே விடமாட்டேன் என்கிறது

தேதியைப் பாருங்கள். பழைய டேப்லெட் சார்ஜ் முழுதாக இறங்கி எழுந்தால் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று நினைத்து இணைப்பை மறுக்கும். தேதி, நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் சரியாகிவிடும்.

தேதி சரி என்றால், யாராவது பாஸ்வேர்டு மாற்றியிருப்பார்கள். மாற்றினால் மற்றக் கருவிகள் வெளியே தள்ளப்படும். திரும்ப உள்ளே போக ஓடிபி கேட்கும், அந்த சிம் சிக்னல் இல்லாத மலையில் இருக்கும். இதற்காகவே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோடுகள் தருகிறார்கள், எட்டு இலக்கத்தில் பத்து எண்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள், போனில் வேண்டாம்.

அறிகுறி: படங்கள் ஒரு நாளோடு நின்றுவிட்டன

இடம் நிரம்பியிருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் குறைந்த தரத்தில் இருந்தாலும் கணக்கில் வரும். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோக்களை விட்டுவிட்டாலே பலருக்கு இடம் கிடைத்துவிடும்.

அறிகுறி: ஒன்றில் அழித்தேன், எல்லாவற்றிலும் போய்விட்டது

கோளாறே இல்லை, சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. போனில் இடம் இல்லை என்று போட்டோஸ் ஆப்பில் படங்களை அழித்தால் சர்வரிலும் மற்றக் கருவிகளிலும் அழியும். போன் மெமரி மட்டும் குறைய வேண்டும் என்றால் அதற்கென்று இடம் காலிசெய்யும் பொத்தான் தனியாக இருக்கிறது. அது ஏற்கெனவே மேலே ஏறியவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

அழித்துவிட்டால் நாள் கடத்தாதீர்கள். பேக்கப் ஆன படங்கள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதவை 30 நாள். டிரைவ் கோப்புகளும் கான்டாக்ட்ஸும் 30 நாள். கான்டாக்ட்ஸ் கலைந்துபோனால் பிரவுசரில் மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. கடந்த 30 நாளில் எந்த நிலைக்கு வேண்டுமானாலும் திரும்பலாம்.

சிங்க் இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக் காயெடுப்பு முடிந்ததும் ஷீட்டை எக்செல்லாக இறக்கி, பெயரில் தேதி போட்டு, ஒரு பென்டிரைவில் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிடுகிறது

முதன்மைப் போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைத்த கருவிகள் துண்டிக்கப்படும். தோட்டத்து எண் உள்ள போனை அலமாரியில் போட்டுவைத்துவிட்டு கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது வரும். நாலு கருவி வரைதான் இணைக்க முடியும், பழைய கருவிகளை எடுத்துவிடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால்

ஆப்பை அப்டேட் செய்யுங்கள், எல்லாக் கருவியிலும். கணக்கு எழுதும் ஆப் ஒன்றில் புதியதும் இன்னொன்றில் இரண்டு வருடப் பழையதுமாக இருந்தால் பேச்சு ஒத்துவராது. பிறகு போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். பிறகு கேஷை மட்டும் அழியுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் போனிலிருந்து கூகுள் கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் பிரவுசரைத் திறந்து, அந்தப் போனில் இருக்கிற கடைசி வாரப் பதிவுகளை நாள் நாளாகப் படித்து, பிரவுசரில் இருக்கிறதா என்று ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். இல்லாததைப் பிரவுசரிலேயே கையால் சேர்த்துவிடுங்கள். எல்லாம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கணக்கை நீக்கலாம். திரும்பச் சேர்த்ததும் வைஃபையில் வைத்து, சார்ஜரில் மாட்டி, விட்டுவிடுங்கள். பழைய கணக்கு முழுதும் இறங்க நேரமாகும். அது நடக்கும்போது அந்தப் போனில் புதிதாக எதையும் பதிய வேண்டாம், அன்றைய வருகையைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.